சிவப்பு மூடி

இப்போது நான் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் லேபில் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. கீழே சாம்பிள் வாங்குகிறார்கள், நான் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். லிஃப்டில் தட்டுத்தட்டாக ஏறி வரும் குழாய்களில் பெயர்கூடக் கிடையாது, கறுப்புக் கோடுகள்தான் ஒட்டியிருக்கும். மெஷின் அந்தக் கோடுகளைப் படிக்கும், சொட்டு இழுக்கும், படம் எடுத்துத் திரையில் போடும். நான் பார்த்துச் சரி என்று தட்டினால் ரிப்போர்ட் போய்விடும். ஏசி குளிர், முதுகைத் தாங்குகிற நாற்காலி, கழுத்து வலி கிடையாது. குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் புரட்டாசி பிறந்துவிட்டால் மனசு தூத்துக்குடிக்கு ஓடிவிடுகிறது. வீட்டுக்காரருக்கு மாற்றலாகி இங்கே வந்து வருஷங்கள் போயும் அது திரும்பி வருவேனா என்கிறது.

தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த லேப் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் டிரெய்லர் லாரிகளின் புகை, மூடினால் வேக்காடு. கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. நாற்காலிக் கால், அலமாரிக் கீல், கத்தரிக்கோல் எல்லாம் துருவேறிக் கிடக்கும். மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று சாயங்காலம் அதைத் துடைத்து, உறை போட்டு, பச்சைக் குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி மூடிவைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். மத்தியானம் கீழே பக்கத்துப் பேக்கரியில் மக்ரூன் வெந்து இறங்கும். மாடியில் நான் யூரின் பார்த்துக்கொண்டிருப்பேன், முந்திரியும் சீனியும் வெந்த வாசனை படியேறி வரும். வெளியாட்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் மக்ரூன் வாசனை என்றால் வேலை செய்யும் நேரம் என்றுதான் தோன்றுகிறது.

ஆமாம், யூரின் பார்ப்பதுதான் என் வேலை. ரத்தம், சளி எல்லாம் பார்ப்பேன் என்றாலும் அந்த லேபில் யூரின் மேஜை என்னுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் என் கொழுந்தன்மார் எனக்கு 'ஒண்ணுக்கு டாக்டர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். மாமியார் பரவாயில்லை, சிரிக்கமாட்டார். ஆனால் நான் அடுக்களைப் பக்கம் போனாலே, "ஏளா, கையக் கழுவிட்டியா?" என்பார். தினமும் கேட்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்க மகனுக்கு ரெண்டு நாள் ஒண்ணுக்கு வராம கெடந்தா தெரியும் அத்தே, அதோட அருமை" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத்தான் வருவேன், அது வேறு விஷயம்.

அருமை என்று சும்மா சொல்லவில்லை. சாம்பிளைச் சுற்றவிட்டு, அடியில் படிந்ததில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், ஆள் எப்படி வாழ்கிறார் என்பது அங்கே கிடக்கும். உப்பளத்துப் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்று வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அவர்கள் சாம்பிளில் படிகங்கள் மின்னும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், எனக்கு எரிச்சலாக வரும். ஒரு வகைப் படிகத்துக்குப் பாடப்புத்தகத்தில் சவப்பெட்டி மூடி என்று பெயர். எங்கள் லேப் டாக்டரம்மாவும் நானும் அந்தப் பெயரை வாயில் எடுக்கமாட்டோம். சீக்காளி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அதென்ன பேச்சு. ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறதே, அதைப் பார்த்து 'கன்டெய்னர்' என்று வைத்துக்கொண்டோம். "டாக்டரம்மா, இதுல நாலஞ்சு கன்டெய்னர் நிக்கி" என்பேன். "எந்த ஊருக்குப் போவுதாம்?" என்று அவர் உள்ளேயிருந்து கேட்பார். அப்படியொரு மனுஷியோடு இனி எங்கே வேலை பார்க்கப் போகிறேன்.

பிறகு மெஷின் வந்தது. சொட்டை அதுவே எடுத்து, படம் படமாகப் பிடித்து, இது ரத்தச் சிவப்பணு, இது வெள்ளையணு, இது படிகம் என்று வட்டம் போட்டுக் காட்டும். படங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கும். மெஷின் வந்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்கென்ன பைத்தியமா? குனிந்து குனிந்து கழுத்து கழன்றுபோயிருந்தது. முதல் நாளே அதற்கு என் புடவை முந்தானையால் தூசி தட்டிவிட்டேன். ஒரு நல்ல குணமும் அதற்கு உண்டு. பட்டையை முக்கிப் பார்க்கிற சோதனை ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொன்னால், தானாக முடிவெடுக்காது. ஓரத்தில் ஒரு அடையாளம் போட்டு, நீயே வந்து பார் என்று நிறுத்திவிடும். எங்கள் வீட்டு ஆட்களுக்கு இல்லாத அறிவு.

புரட்டாசி என்றேனே. அந்த மாதத்தில் எங்கள் லேப் வாசலைப் பார்க்க வேண்டும். குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்கள் சிவப்பு உடுத்தி வருவார்கள். தசரா நெருங்க நெருங்க, நேர்ந்துகொண்ட வேஷத்தோடேயே வருவார்கள். குரங்கு ஒன்று டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கும். காளி, நீட்டின தகர நாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுகர் டெஸ்டுக்குக் கை நீட்டும். நான் சாயர்புரத்துப் பக்கத்து வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், பொட்டு வைத்து வளர்ந்தவள் இல்லை. இருந்தாலும் காளி கையில் ஊசி போட எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு புரட்டாசியில்தான் அந்தத் தம்பி வந்தார். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். சிவப்பு வேட்டி, கழுத்தில் மாலை, வெயிலில் வெந்த முகம். கூட அவர் பெண்சாதி. அவள் வாயைத் திறக்கவில்லை, அவர்தான் பேசினார். தங்கச்சிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டது, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்றார். பிள்ளை ஒன்றுக்குப் போயே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. இவருடைய கிட்னி பொருந்தியிருக்கிறது. எல்லா டெஸ்டும் நன்றாக வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் முதல் யூரினைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் சிவப்பணுக்கள் இருந்தனவாம். கொடுக்கிறவர் கிட்னியிலேயே கோளாறு இருக்கலாம், ஊருக்குப் போய் இன்னொரு தடவை பாருங்கள், மறுபடியும் வந்தால் உங்கள் கிட்னியை எடுக்க மாட்டோம் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார்.

"வேற ஆளும் இல்லக்கா. நான் இல்லன்னா அவளுக்கு யாரும் இல்ல" என்றார். பிறகு பெண்சாதியைக் காட்டி, "இவ சம்மதிக்க மாட்டான்னு சொந்தக்காரவுக பேசுதாவ. எங்கம்மாவே நம்பல. பாவம், இவ ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல" என்றார். அவள் தலை நிமிரவில்லை. சம்மதமா இல்லையா என்று அந்த முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை.

சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்தேன். காலையில் முதல் யூரின், நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், கையைக் கழுவிவிட்டுப் பிடிக்க வேண்டும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். டப்பாவை அவள்தான் வாங்கிக்கொண்டாள், இரண்டு கையையும் நீட்டி.

மறுநாள் காலையில் கொண்டுவந்ததும் அவள்தான். அவர் வண்டியை நிறுத்த இடம் தேடி மேலே வருவதற்குள் டப்பாவைக் கொடுத்துவிட்டு, அவரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மெஷினில் வைத்தேன். திரையில் படங்கள் வந்தன. வட்டம், வட்டம், வட்டம். சிவப்பணு என்று மெஷின் அத்தனைக்கும் பேர் வைத்திருந்தது. முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, ஒன்றுக்குப் போக முடியாமல் எங்கேயோ படுத்திருக்கிறவள், அந்த வட்டங்களுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

ஆனால் ஓரத்தில் அந்த அடையாளம் இருந்தது. பட்டை ரத்தம் இல்லை என்கிறது, படம் இருக்கிறது என்கிறது, வந்து பார். மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினேன். ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உருண்டைதான், ஆனால் ஒரே அளவாக இல்லை. ஒன்று பெரிது, ஒன்று சின்னது, சிலதின் நடுவில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. ஓரத்தில் ஒரு பொடி செக்கச்செவேல் என்று கிடந்தது. சிவப்பணு தனியாக ஒன்று கிடந்தால் இப்படிச் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ஆசிட் ஒரு சொட்டு விடச் சொன்னார். சிவப்பணுவாக இருந்தால் கரைந்து காணாமல் போக வேண்டும். ஒன்றுகூடப் போகவில்லை. அயோடின் விடச் சொன்னார். விட்டேன். அத்தனை உருண்டையும் கருநீலமாக மாறிவிட்டது.

"மாவுளா இது" என்றார் டாக்டரம்மா.

யூரினில் மாவு எங்கேயிருந்து வரும்? எங்கள் கையுறையில் பவுடர் கிடையாது. குழாய் புதுசு. பிறகுதான் எனக்கு அந்தச் சிவப்புப் பொடி ஞாபகம் வந்தது. குப்பையில் போட வைத்திருந்த டப்பாவை எடுத்தேன். வெளியே ஒன்றுமில்லை. மூடியின் உள்பக்கத்தை வெள்ளைப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிவந்துவிட்டது. சிவப்பு மூடிக்குள் சிவப்பு, யார் கண்ணுக்குத் தெரியும்? மோந்து பார்த்தேன். குங்குமம். கடைக் குங்குமத்தில் மாவுதான் பாதி.

தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே வேறு நினைப்பு வந்து கை நின்றுவிட்டது. யார் வைத்தது என்பதில் சந்தேகமில்லை. எதற்கு வைத்தாள்? புருஷன் கிட்னி கொடுக்கக்கூடாது என்றா? டாக்டரம்மாவும் அதையேதான் நினைத்தார், முகத்தில் தெரிந்தது.

போன் செய்தேன். அவர் துறைமுக வாசலில் வண்டியோடு வரிசையில் நின்றார். வண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் போய் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வரும்போதே முகம் செத்துப்போயிருந்தது. ரத்தம் இல்லை, மாவுதான், குங்குமம் விழுந்திருக்கிறது என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேஜையில் கிடந்த சிவந்த பஞ்சைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவர் அம்மா இருந்தார், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"நீயா வச்ச?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"மதுரையிலயுமா?"

அதற்கும் தலையசைத்தாள். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான்தான் இருக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன். சாமிக்கு வைக்கிற இடமா இது, நெற்றி என்று ஒன்று எதற்கு இருக்கிறது, ஒரு பிள்ளையின் உயிர் போகப் பார்த்ததே என்று பொரிந்து தள்ளினேன். பாதியிலேயே அவள் பேசினாள். அவள் குரலை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

"இவுகளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது. பிள்ளையும் பொழைக்கணும். ரெண்டையும் சேத்து எப்படிக் கேக்கன்னு தெரியல. அதான் டப்பாவ ராத்திரி அம்மன் படத்துக்கு முன்னால வச்சிட்டு, குங்குமத்த மூடிக்குள்ள தொட்டு வச்சேன். வெளிய வச்சா நீங்க தொடச்சிருவியன்னு..."

 பெஞ்சில் இருந்தவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். தொடக்கூட இல்லை, நின்றார். எனக்கு அதற்கப்புறம் திட்ட என்ன இருக்கிறது? டாக்டரம்மா ஜன்னல் பக்கம் போய் டிரெய்லர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் தினமும் எத்தனை பேச்சைக் கேட்டுக்கொண்டு, புருஷனையும் கொடுத்து, அந்தப் பயத்தையும் ஒருவருக்கும் காட்டாமல், ஒரு மூடிக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள் என்று நினைக்க எனக்கு ஆறவில்லை.

புது டப்பா எடுத்தேன். அதன் மூடியை அவள் கண்முன்னே திறந்து காட்டினேன். அவர் உள்ளே போய் அங்கேயே பிடித்துக்கொண்டு வந்தார். மெஷின் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியபோது நான் அவளைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். வெளியாட்களை உள்ளே விடக்கூடாதுதான். விட்டேன். அவள் வலது கையை மூடிக்கொண்டு நின்றாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெறும் சாம்பல் நிறம். ஓரத்தில் உடைந்த அப்பளம் மாதிரி தோல் அணு ஒன்று, அது எல்லாருக்கும் இருப்பது. அடுத்தது வெறுமை. அதற்கடுத்ததும் வெறுமை. ஒரு வட்டம்கூட இல்லை.

"ஒண்ணுமே இல்லியேக்கா" என்றாள் பயந்துபோய்.

"ஒண்ணும் இல்லாம இருக்கதுதான் வேணும்ளா" என்றேன்.

மூடியிருந்த கையைத் திறந்தாள். காகிதப் பொட்டலம். வரும்போதும் கொண்டுவந்திருக்கிறாள், திருந்தாத ஜென்மம். வெளியே போய் அவர் நெற்றியில் வைத்தாள். திரும்பி வந்தவள், நான் தடுப்பதற்குள் என் நெற்றியிலும் வைத்துவிட்டாள். நான் யார், எந்தக் கோயிலுக்குப் போகிறவள் என்றெல்லாம் அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. அழிக்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம்வரை அதோடுதான் வேலை பார்த்தேன். டாக்டரம்மா ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மைக்ராஸ்கோப்புல குனியாத, கண்ணாடியில ஒட்டிரும். அப்புறம் ஊருக்கே ரத்தம்னு ரிப்போர்ட் போவும்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் துடைத்துக்கொண்டேன்.

நடந்ததை எழுதி டாக்டரம்மா மதுரைக்கு ஒரு குறிப்பு கொடுத்தனுப்பினார். அவர்களும் புது டப்பா கொடுத்து அங்கேயே பிடிக்கச் சொல்லிப் பார்த்து, ரத்தம் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள் என்று அந்தத் தம்பி போன் செய்து சொன்னார். தசரா முடிந்தது. வேஷங்கள் கலைந்தன, வாசல் பழையபடி ஆனது. ஐப்பசி மழை வந்து ரோடெல்லாம் தண்ணீர் நின்றது. அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நானாகக் கேட்கப் பயம். நல்ல செய்தியாக இருந்தால் வரும் என்று சொல்லிக்கொண்டேன், வராதபோது கோபம் கோபமாக வந்தது. யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், மக்ரூன் வாசனை படியேறிக்கொண்டிருந்த நேரத்தில் லேப் போன் அடித்தது. அவள்தான், மதுரையிலிருந்து. ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றாள். அவர் நன்றாக இருக்கிறார், கஞ்சி குடித்தார் என்றாள். நான் தங்கச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அக்கா, பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துட்டு."

என்ன கேட்பது என்று தெரியாமல், பழக்கதோஷம், "எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பை நெறஞ்சிட்டுக்கா. நர்சு மாத்துனாங்க, அதுவும் நெறஞ்சிட்டு. இவுக பக்கத்து ரூமுல படுத்துக்கிட்டு, நெறஞ்சிட்டா நெறஞ்சிட்டான்னு என்னய வெரட்டி வெரட்டிப் பாத்துட்டு வரச் சொல்லுதாவ."

போனை வைக்காமலேயே உள்ளே திரும்பி, "டாக்டரம்மா, பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துட்டாம்" என்று கத்தினேன். வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. என் மேஜையில் அன்றைய சாம்பிள்கள் சிவப்பு மூடிகளோடு வரிசையாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன்.